காணாமல் போன ஆறாம் படி

கதவைத் தட்டாமலே உள்ளே வந்த அந்தப் பெண், கையிலிருந்த குற்றச்சாட்டுக் கடிதத்தைத் துப்பறிவாளரின் மேசைமேல் அறைந்து வைத்தாள்.

“எங்க அண்ணன் கையை நான்தான் வேக வெச்சேனாம் சார். நீங்களே படிச்சுப் பாருங்க!”

சன்னலோரம் இருந்த அவருடைய மைத்துனன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அக்காள் கணவரிடம் உதவிக்குச் சேர்ந்த ஓராண்டில் இவ்வளவு கோபத்தோடு யாரும் வந்து அவன் பார்த்ததில்லை.

அவள் அச்சகத்தில் பக்கம் அமைப்பவள். அண்ணனுக்குச் சலவை ஆலையில் வேலை. அங்கே புதிதாக வந்த பாய்லரை இயக்கும் முறையைப் பொறியாளர் கைப்படப் பன்னிரண்டு படிகளாக எழுதித் தந்தார். கூலிக்கு எழுதிக் கொடுக்கும் எழுத்தாளன் ஒருவன் அதைச் செப்பனிட்டான். இவள் பக்கம் அமைத்தாள். சுவரில் ஒட்டிய அந்தத் தாளைப் பார்த்து அண்ணன் முதல் நாள் வேலை செய்தான். வடிகால் வால்வைத் திறந்து பாய்லரின் அடிச்சேற்றை வெளியேற்றினான். அடுத்த படியில் சொன்னபடி எரியூட்டினான். சிறிது நேரத்தில், திறந்தே கிடந்த வால்வு வழியாகக் கொதிநீர் கையில் கொட்டியது.

“எரியூட்டுறதுக்கு முன்னாடி ‘வடிகால் வால்வை மூடவும்’னு ஆறாம் படி இருக்கணும். அச்சுல இல்ல. நான் விட்டுட்டேங்கிறாங்க. அஞ்சு மணிக்கு முதலாளி என்னை நீக்கிக் கையெழுத்துப் போடுவாரு. வேலை போனா போகட்டும் சார். எங்க அண்ணி கதவையே திறக்க மாட்டேங்கிறாங்க.”

மூன்று மணிக்கு அவர்கள் அச்சகத்தில் இருந்தார்கள். அந்த எழுத்தாளன் மடிக்கணினியோடு முதலாளியின் பக்கத்தில் காத்திருந்தான். வேலையை வாங்கிய சூட்டோடு முடிப்பதால் அவனுக்கு ‘மின்னல்’ என்று பெயர்.

“வரிவரியா மூணு தடவை படிச்சுத்தான் அனுப்பினேன். அனுப்பின மெயில் என்கிட்டயும் இல்ல, அச்சகத்துலயும் அழிச்சுட்டாங்க. நல்லவேளை, என் ஃபைல் இருக்கு.”

திரையில் ஆறாம் படி பளிச்சென்று இருந்தது. அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

துப்பறிவாளர் பொறியாளரின் தாள், அச்சுத்தாள், மின்னலின் ஃபைல் மூன்றையும் அருகருகே வைத்து, விரல் ஓட்டிப் படித்தார். அச்சுத்தாளில் எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரை ஒழுங்காகவே ஓடின.

“எறும்பு ஊர்ற மாதிரி படிக்கிறீங்களே மாமா!”

“எறும்பு எதையும் விடாது மச்சான்.” பிறகு அவளைக் கேட்டார்: “நீ வரிகளைத் திருத்துவியாம்மா?”

“ஐயோ! ஒரு புள்ளியைத் தொடணும்னாலும் போன் போட்டுக் கேட்பேன்.”

“கேட்டே உயிரை எடுப்பா” என்றார் முதலாளி வேண்டாவெறுப்பாக.

துப்பறிவாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு படியைக் காணோம்னு எல்லாரும் கத்துறீங்க. யாராவது எண்ணினீங்களா? பொறியாளர் எழுதினது பன்னிரண்டு. அச்சுல ஒன்பது. காணாமப் போனது மூணு! வால்வை மூடுறது மூணாம் படியிலயும் வருது, ஆறாம் படியிலயும் வருது. கையுறை ரெண்டு தடவை. நீர்மட்டம் காட்டுற அளவுக் கண்ணாடியைப் பாக்குறது ரெண்டு தடவை. மூணுலயும் ரெண்டாவதா வந்தது மட்டும் போயிருக்கு. கை தவறினா இப்படித் தேடித்தேடியா தவறும்?”

“அப்ப இவர் ஃபைல்ல எல்லாம் இருக்கே?” என்றார் முதலாளி.

“அதுல ‘தண்ணியை ரொப்பவும்’னு இருக்கு. அச்சுல ‘நீரை நிரப்பவும்’. இப்படிப் பதினோரு இடம் மெருகேறியிருக்கு. புள்ளியைத் தொடவே கேக்குறவ இதைச் செய்வாளா? இவர் காட்டுறது அனுப்பின ஃபைல் இல்ல. மெருகேத்துறதுக்கு முந்தினது.”

மின்னலின் முகம் வெளுத்தது. “திருத்துற மென்பொருள்ல போட்டேன் சார். எல்லாரும்தான் போடுறாங்க. ‘எல்லாவற்றையும் ஏற்கவும்’னு பொத்தான் வரும்...”

“அமுக்கினீங்க. அதுக்கப்புறம் படிச்சீங்களா?”

“முன்னாடி படிச்சேன்.” குரல் இறங்கியது. “ஒரே விஷயம் ரெண்டு தடவை வந்தா ரெண்டாவதை அது எடுத்துடும். கூறியது கூறல் குத்தம்தானே சார்?”

“கட்டுரைக்குக் குத்தம்!” அவள் சீறினாள். “கொதிக்கிற பாய்லருக்கு அதுதான்யா உயிர்! பொறியாளரு என்ன எழுதத் தெரியாமலா ரெண்டு தடவை எழுதினாரு?”

முதலாளி நீக்க உத்தரவைக் கிழித்தார். அவளைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

“தப்பு உங்களோடதுன்னு ரெண்டு பேருக்கு எழுதுங்க” என்றார் துப்பறிவாளர் மின்னலிடம். “அண்ணனுக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு.”

மின்னல் மடமடவென்று தட்டினான். இரண்டு பத்தி. முடித்ததும், பழக்கதோஷத்தில், விரல் தானாகப் போய் அந்தப் பொத்தானை அமுக்கியது. முதல் பத்தி அழகாக மெருகேறியது. இரண்டாவது பத்தி திரையிலிருந்து மறைந்தது.

மைத்துனனுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அதற்குள் அவள் மடிக்கணினியைப் பட்டென்று மூடி, அதன்மேல் இரண்டு வெள்ளைத் தாள்களையும் பேனாவையும் வைத்தாள்.

“கையால எழுதுய்யா. எங்க அண்ணி படிக்கணும். ரெண்டு தடவையும் எழுது.”

அவன் எழுதி முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை.