அணைக்க வேண்டாம்

குழந்தையின் அழுகை நின்றிருந்தது; வாய் மட்டும் மூடவில்லை.

மஞ்சட்காமாலைக்காக நீல விளக்கின் கீழ்க் கிடத்தப்பட்டிருந்த தன் நான்கு நாள் மகனை, கண்ணாடிப் பெட்டியருகே அமர்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னல்களில் கருந்திரை தொங்கிய அவ்வறையில் நண்பகலும் ஆழ்கடல் போலக் கிடந்தது. பெட்டி விசிறியின் ஓயாத முரலலும், மருந்தின் நெடியும், உறக்கமறியாத தன் உடலின் புளித்த பால்வாடையும் ஒன்றாய்க் கலந்து அவள் இமைகளை ஈயமென அழுத்தின.

"வாய் திறந்தே இருக்கே, சிஸ்டர்?"

செவிலி குனிந்து குழந்தையின் கண்கட்டைச் சரிசெய்தாள். "அசந்து தூங்குறான்மா. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு கடற்கரையில படுத்திருக்கிற மாதிரி இருக்கார் தொரை! மோஷன் பச்சையாப் போகும், தோல் சிவந்து தடிக்கும். எல்லாம் இந்த விளக்கால வர்றதுதான், பயப்படாதீங்க." பின்னர்ப் பொத்தானை நோக்கிக் கைநீட்டினாள். "இந்த வெளிச்சத்துல எல்லாமே நீலமாத்தான் தெரியும். அணைச்சுட்டுத்தான் குழந்தையோட நிறம் பார்க்கணும்."

"அணைக்க வேண்டாம், சிஸ்டர். அணைக்க அணைக்க நாள் கூடுமாமே. நாளைக்காவது இவனை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும். என்னால முடியல."

செவிலியின் கண்களிலும் இருவேளைப் பணியின் அயர்ச்சி. நீண்ட கை தாழ்ந்தது. "சரி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்." அடுத்த அறையின் அழுகை அவளை அழைத்துக்கொண்டது.

குழந்தையின் மார்மீது ஒதுங்கிக் கிடந்த துணியின் ஓரம் மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. மூச்சு வருகிறது. அவள் எண்ணினாள். இருபது. முப்பது. விசிறி ஒருகணம் திக்கித் திணறி நின்றது.

துணியும் நின்றது.

விசிறி சுழன்றது. துணி ஏறியது.

பெட்டிக்குள் கைவிட்டாள். உடல் சூடாக இருந்தது. விளக்கின் சூடா?

"சிஸ்டர்!"

செவிலி ஓடிவந்தாள். விளக்கை அணைத்தாள். திரையை இழுத்தாள். வெயில் பாய்ந்தது. விரிப்பு வெளுத்தது. தாயின் கை மாநிறத்துக்குத் திரும்பியது.

குழந்தை திரும்பவில்லை. உதடு நீலம். நகம் நீலம்.

செவிலி இரு விரலால் மார்பை அழுத்தினாள். ஊதினாள். அழுத்தினாள். மீண்டும். மீண்டும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டாள்.

"நெஞ்சுத் துடிப்பு எப்பவோ நின்னுபோச்சும்மா."

தாயின் சுட்டுவிரல் மகனின் உள்ளங்கையில் கிடந்தது.

சின்னஞ்சிறு விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. பற்றின. இறுகின.

செவிலி பின்வாங்கினாள்.

பிடி தளரவில்லை. மெல்ல, மிக மெல்ல, தாயின் கையைப் பெட்டிக்குள் மேலும் ஆழமாக இழுத்தது.