கடைசி வரிசைக்கு மருந்து இல்லை

பழைய காய்ச்சல் வார்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னல்களை அடைத்து, ஆய்வுக்கூடமாக்கியிருந்தார்கள். கட்டில் கால்கள் அழுத்திய தடம் மட்டும் தரையை விட்டுப் போகவில்லை. கொசுக்காரி அன்று காலையும் வழக்கம்போல வந்து, பையை மாட்டிவிட்டு, கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொசு பரப்பும் காய்ச்சலுக்கு மருந்து தேடுகிறவள் என்பதால், உடன் வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. அதற்கெல்லாம் அவள் கோபப்படுவதில்லை. கோபப்பட அவளுக்கு வேறு விஷயங்கள் இருந்தன.

முக்கியமாக, கடைசி வரிசை.

சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. எல்லாக் குழியிலும் உயிருள்ள செல்கள், எல்லாவற்றிலும் வைரஸ். மேல் வரிசைகளுக்கு மருந்து, கடைசி வரிசைக்கு வெறும் உப்புநீர். கடைசி வரிசை செத்தால்தான் மற்றவை மருந்தால் பிழைத்தன என்று அடித்துச் சொல்ல முடியும். ஆனால் கொஞ்ச நாளாக அதுவும் குத்துக்கல்லாட்டம் பிழைத்து நின்றது. வைரஸில் குறையில்லை, மருந்துக் குப்பியைத் திறக்காத நாட்களில் அதே வைரஸ் செல்களைத் தின்று தீர்த்தது. கையும் தவறவில்லை. குப்பியில் மட்டும் கணக்குக்கு மேல் மருந்து குறைந்துகொண்டே வந்தது. இந்தத் தட்டும் சொதப்பினால் இந்த மருந்தை மூட்டை கட்டிவிடலாம் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார்.

மூட்டை கட்டுவதாமே! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை இதே வார்டில், இதே காய்ச்சலில் போனவள். அப்போது வேறொரு மருந்தைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. தங்கைக்குக் கிடைத்தது மாவு.

வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் மருந்து என்பதால் நடுப்பகலிலும் அறையில் ஒரு சிவப்பு விளக்குதான். மேல் வரிசைகளுக்குச் சொட்டு விட்டு முடித்தாள். அப்போது பின்கழுத்தில் சூடாக மூச்சு பட்டது. நாள்கணக்கில் காய்ச்சலில் கிடந்த உடம்பின் வியர்வை வாடை அடித்தது.

அவள் திரும்பவில்லை.

குப்பியிலிருந்து ஒரு சொட்டு தானாக மேலெழுந்தது.

மெல்லக் கடைசி வரிசைப் பக்கம் நகர்ந்தது.

“அக்கா… எனக்கும் குடு.”

ஓடியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவளோ கடைசி வரிசைக்கு மேலே கையைக் குடையாகப் பிடித்தாள். சொட்டு கையுறையில் விழுந்தது. கொதிக்கும் விரல்கள் வந்து அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தன.

“குடுக்க மாட்டேன்,” என்றாள் கொசுக்காரி.

விரல்கள் முறுக்கின. வலியில் கண்ணில் நீர் முட்டியது.

“இதுல கிடக்கறது நீ இல்லடி. வெறும் செல்லு. இது சாகலேன்னா இந்த மருந்த யாரும் நம்ப மாட்டாங்க. இன்னொருத்தியோட தங்கச்சி சாவா. உன்னைக் குடுத்ததே போதும். கைய எடு.”

பிடி உடனே விடவில்லை. சின்ன வயதில் தங்கை பிடுங்கிய பொம்மையைத் திருப்பித் தருவதற்கு எத்தனை அழும்பு பண்ணுவாள், அப்படித்தான் ஒவ்வொரு விரலாக விட்டாள். தட்டில் கண்ணீர் விழாதபடி முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு அக்காக்காரி தேம்பித் தேம்பி அழுதாள்.

மூன்றாம் நாள் சாயம் ஊற்றிக் கழுவினார்கள். உயிரோடு இருக்கும் செல்கள்தான் சாயம் பிடிக்கும். மேல் வரிசைகள் ஊதாவாக நின்றன. கடைசி வரிசை துடைத்துவிட்டாற்போல வெறிச்சென்றிருந்தது. துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இன்னொரு முறை செய்து காட்டு, அடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் சிவப்பு விளக்கைப் போட்டாள். புதுக் குப்பியைத் திறந்தாள்.

இந்த முறை மூச்சு இரண்டு பக்கமிருந்தும் பட்டது.

“எனக்கும் குடும்மா…” கிழவர் ஒருவரின் குரல்.

“எனக்கு?” அவள் இடுப்புக்குக் கீழே ஒரு குழந்தை கேட்டது.

பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். அதற்கும் பின்னாலிருந்து இன்னும் பலர்.

கொசுக்காரி கடைசி வரிசைக்கு மேலே மறுபடி கையைக் குடையாகப் பிடித்தாள்.

“வரிசையில நில்லுங்க,” என்றாள். “வேலை இன்னும் முடியல.”

முதுகுக்குப் பின்னால், வெறுங்கால்கள் தரையில் தேய்ந்து வரிசை கட்டும் சத்தம் கேட்டது.