இரும்பு இருக்கா?

சோதனைத் தட்டில் அந்த ஸ்க்ரூடிரைவர் கிடக்கவே கூடாது. அரை மணி நேரத்துக்கு முன்னால் தம்பி அதைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனதை அக்கா தன் கண்ணால் பார்த்தாள். இப்போது அது வாசல் மேசையில், மரத் தட்டின் நட்டநடுவில், ஈரமாகக் கிடந்தது.

ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பழைய ஆலையில் ஒரு காலத்தில் பட்டாளத்துக்கு வெடிமருந்து அரைத்தார்கள். ஓர் ஆணி கல்லில் உரசினால் போதும், ஆலையே பறந்துவிடும். அதற்காகவே வாசல் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. அதைத் தாண்டும் எவனையும் நிறுத்தி, "இரும்பு இருக்கா?" என்று கேட்டு, உச்சி முதல் பாதம் வரை தடவிப் பார்ப்பார்கள். ஒருவனைக் கேட்காமல் விட்ட ஒரே ஒரு நாளில் ஒரு ஷிப்டே கருகிச் செத்தது. இப்போது அது அருங்காட்சியகம். வாசல்காரியான அக்கா ஒன்பது வருடமாக வருகிறவர்களிடம் அதே கேள்வியைக் கேட்கிறாள். அவர்களும் சிரித்துக்கொண்டே சாவியைத் தட்டில் போடுவார்கள்.

இன்று விடுமுறை. விளக்கு மாட்ட வந்த எலக்ட்ரீசியன் கூடப்பிறந்த தம்பி. அவனிடம் போய் அதையெல்லாம் கேட்பார்களா?

"என்னக்கா, என்னைத் தடவிப் பாக்கலையா?" என்று உள்ளே போகும்போது அவனே கோட்டில் நின்று வம்புக்கு இழுத்தான்.

"போடா, தலைக்கு மேல வேலை கிடக்கு."

"அதானே. இங்க வெடிக்க என்ன இருக்கு, உன் வாயைத் தவிர?"

ஒன்பது வருடத்தில் கேள்வி கேட்கப்படாமல் கோட்டைத் தாண்டிய முதல் ஆள் அவன்தான்.

"தம்பி, ஸ்க்ரூடிரைவரை இங்க வச்சிட்டுப் போனியா?" அக்கா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இல்லையே. அதைத்தான் தேடிட்டிருக்கேன்."

திரும்பினாள். தட்டில் இப்போது கட்டிங் பிளேயரும் இருந்தது.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக மேசைமேல் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது, வெளியே ஆறு எப்போதும்போல் சலசலத்தது, ஆனால் அந்தச் சலசலப்புக்கு அடியில் வேறொரு சத்தம், ஆலையைச் சுழற்றிய வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எத்தனையோ காலமாக நின்றுபோன கல் உருளை மெல்ல, மிக மெல்ல அரைக்கிற சத்தம், அதோடு கந்தக நெடியும் மூக்கில் ஏறியது. பயம் வந்தால் அவள் நாக்கு தானாகக் கடைவாய்ப் பல்லின் இரும்பு உறையைத் தேடிப் போகும். போயிற்று.

கண் இமைத்தாள். சாவிக்கொத்து.

இன்னொரு முறை. பெல்ட்டின் பக்கிள், பிய்ந்த தோலோடு.

அப்புறம் பூட்ஸ் ஆணிகள். வரிசையாக, ஒழுங்காக. ஒவ்வொன்றின் நுனியிலும் ரத்தம்.

"அக்கா, யாரோ என்னைப் பிடிச்சிருக்காங்க." அவன் குரலில் கேலி இல்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள், இனி விட்டுவிடுவார்கள் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அப்புறம்தான் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. இரண்டு வருடம் முன்பு பைக்கிலிருந்து விழுந்து தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்தபோது, கட்டிலருகே பதினெட்டு நாள் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவளும் அவள்தான். ஒரு பிளேட். எட்டு ஸ்க்ரூ.

எப்படிக் கோட்டைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடினாள்.

அரைவை அறையில் உருளை சுழன்றுகொண்டிருந்தது. அதன் கல் மேடையில் தம்பி மல்லாந்து கிடந்தான். சுற்றிலும் யாருமில்லை. ஆனால் அவன் தோளில், மணிக்கட்டில், கணுக்காலில் சதை அமுங்கியிருந்தது, விரல் விரலாக. அமுங்கிய இடமெல்லாம் கரிக்கறுப்பு.

"அக்கா, காலை விடச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

"விட்டுடுங்க. அது எலும்புக்குள்ள இருக்கு. என் தம்பிய விட்டுடுங்க." அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

தொடை முழங்காலிலிருந்து மேல்நோக்கித் தையல் பிரிப்பதுபோல் பிளந்தது. அவன் அலறினான். உள்ளே ஏதோ திருகும் சத்தம். நிதானமாக. ஒன்று. இரண்டு. ரத்தம் அவள் முகத்தில் அடித்தது. மூன்று. நான்கு. ஆறாவதில் அலறல் நின்றது. எட்டுவரை திருகினார்கள்.

உருளை நின்றது.

தூரத்தில், வாசல் மேசையில், மரத்தட்டில், கனமான ஏதோ ஒன்று வைக்கப்படும் ஓசை கேட்டது.

அப்புறம் சுவரோரம் முழுக்க மூச்சு. ஒரு ஷிப்ட் ஆட்களின் மூச்சு. காதருகே, அவளுடைய கேள்வி, அவள் கேட்கும் அதே தொனியில்.

"இரும்பு இருக்கா?"

கொண்டை ஊசிகள் தாமாகக் கழன்றன. முடி தோளில் விழுந்தது. குளிர்ந்த கைகள் கழுத்தைத் தடவின, இடுப்பைத் தடவின, பாதம்வரை போய்த் திரும்பின. எதுவும் இல்லை. இனி விட்டுவிடுவார்கள். அக்கா பதில் சொல்ல வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

கந்தகம் கரிக்கும் இரண்டு விரல்கள் அவள் உதட்டைப் பிளந்து, நாக்கை ஒதுக்கி, கடைவாயை நோக்கி நகர்ந்தன.