டேட்டா எங்கே போகிறது?

இருபதாம் திகதி ஆகுமுன்பே எங்கள் வீட்டு டேட்டா தீர்ந்துவிடும். பிறகு என் மாலை வகுப்பும் இல்லை. அது இணையத்தில் நடக்கும் கணினி வகுப்பு. போன இரண்டு மாதமும் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். இன்னொரு தரம் நின்றால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

"வீட்டில ஆர் எவ்வளவு பாவிக்கினம் எண்டு காட்டுற மென்பொருள் இருக்கு. போட்டுப் பாரும், நிலுஜா," என்றார் வகுப்பு எடுக்கும் பவதாரணி ரீச்சர்.

ஒவ்வொரு படியையும் கொப்பியில் எழுதிவிட்டே அழுத்தினேன். இணையப் பெட்டியின் கடவுச்சொல்லைக் கேட்டது. நான்கு தரம் பிழையாக அடித்தேன். கணினியைப் பழுதாக்கிவிட்டேனோ என்று கொப்பியை மறுபடி பார்த்தேன். ஐந்தாவது தரம் திறந்தது.

தம்பி றெக்ஷன் எட்டிப் பார்த்தான்.

"நீதான் கள்ளன். பிடிபடப் போறாய்," என்றேன்.

"நானெண்டா ஒரு கிழமை கோழிக்கூடு கூட்டுறன். இல்லாட்டி நீ கூட்டோணும்."

ஏழு நாள், ஒரு கிழமை கழித்து மென்பொருளின் பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொருவர் பாவித்ததும் ஒரு கோடாக இருந்தது. றெக்ஷனின் கோடு குட்டையாக இருந்தது. அம்மாவின் ஃபோனின் கோடுதான் திரையின் விளிம்பைத் தொட்டது. தினமும் பகல் இரண்டு மணி முதல் நாலரை வரை.

றெக்ஷன் விளக்குமாற்றை என் கையில் தந்தான்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் குசினிக்குப் போனேன். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் சீனிப் பேணியில் ஃபோனைச் சாய்த்து வைத்திருந்தார். நாடகம் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன். ஓடியது எங்கள் அந்தோனியார் கோயில் திருநாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகப் போன வருடம் எடுத்த வீடியோ.

பூசை முடிந்தது. பிரசங்கம் முடிந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு, அந்தோனியாரின் சிலையை, அந்தச் சுருவத்தைத் தோளில் சுமந்தபடி அப்பா வந்தார். கமராவைக் கண்டு வெட்கப்பட்டுக் குனிந்தார். பதினொரு விநாடி. பிறகு கூட்டம் அவரை மறைத்தது. அம்மா கண்ணைத் துடைத்தார்.

அப்பா கடலில் இறந்து ஏழு மாதம். அவர் அசைந்து நடக்கும் வீடியோ எங்களிடம் இது ஒன்றுதான்.

"அம்மா, அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தாறன்," என்றேன்.

"வேண்டாம் பிள்ளை."

"ஏனம்மா?"

"முதல்ல இருந்து பார்த்தா, இனித்தான் வருவார் எண்டு இருக்கும்."

நான் கேட்டிருக்கக் கூடாதோ என்று நெடுநேரம் யோசித்தேன். பிறகு முழு வீடியோவையும் ஒரே தடவையில் கணினியில் இறக்கிச் சேமித்தேன். இனி அதைப் பார்க்க இணையம் வேண்டாம். அம்மாவின் அழுகையை அது நிறுத்துமா, கூட்டுமா? எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதம் கடைசி வகுப்பு வரை இருந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கணினிக்கு முன்னால் மூன்று கதிரை போடுகிறோம். முதல் தடவை பார்த்தபோது, பிரசங்கத்தின் பாதியில் றெக்ஷன் நெளிந்தான்.

"அப்பா எப்ப வருவார்?"

"இன்னும் நேரம் இருக்கு," என்றார் அம்மா.

அவன் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டான். நானும் கதிரையை நெருக்கிப் போட்டேன்.