காப்புப் பாதி

சோப்பில் ஒரு துளை இருந்தது.

வட்டத் துளையில்லை, சதுரத் துளை. சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு, நாலு பக்கமும் கத்தியால் வெட்டியது போலச் சுத்தமாக இருந்தது. அதற்குள் ஒரு வெள்ளை ஃபோம் துண்டு, நகத்தால் கிள்ளி இழுத்தாலும் வராதபடி இறுக்கி அடைக்கப்பட்டிருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருக்க, முகமெல்லாம் தண்ணீரோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, சலிப்புதான். வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதே என்று அக்கா தலைப்பாடாக அடித்துக்கொள்வாள். இப்போது தூக்கக் கலக்கத்தில் சோப்பையே வெட்டி வைத்திருக்கிறோம் போலிருக்கிறது, கழுதை, போகட்டும் என்று நினைத்து, துளையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு குளிர்க்கிடங்கில். கப்பலில் போய்க் கடலடியைத் துளைத்து, அங்கே லட்சக்கணக்கான வருஷங்களாகப் படிந்த சேற்றை நீளநீளமான குழாய்களில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கரைக்கு வந்த அந்தச் சேற்றுத் தண்டு ஒவ்வொன்றையும், சோப்புக் கட்டியை நூலால் அறுப்பது போல, மெல்லிய கம்பி ஒன்றை நடுவில் இழுத்து நெடுக்காக இரண்டாகப் பிளப்பார்கள். ஒன்று வேலைப் பாதி. அனுமதி வாங்கிய எவரும் அதில் சின்னச் சதுரமாக வெட்டி மாதிரி எடுத்துக்கொள்ளலாம். எடுத்த இடம் இடிந்து விழாமலிருக்க ஃபோம் துண்டை அடைத்துவிட வேண்டும். மற்றது காப்புப் பாதி. அதைப் பார்க்கலாம், படமெடுக்கலாம், அவ்வளவுதான். இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்காக வைத்திருப்பது அது. அதில் கை வைத்தவர் உருப்பட மாட்டார் என்று கிடங்கில் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள், ஆனால் ஒருவரும் கை வைத்ததில்லை.

அவள் வைத்திருந்தாள். சோப்பில் துளையைப் பார்த்ததற்கு முந்தின நாள்தான்.

எல்லாம் ஒரு மின்னஞ்சலால் வந்த வினை. ‘ஆராய்ச்சியாளர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு’ என்று தலைப்பு. அடுத்த பயணத்துக்குத் துளையிடும் கப்பலில் சில இடங்கள் இருக்கின்றன, விண்ணப்பிக்கலாம். இந்த அரிய வாய்ப்பை அவள் வருஷா வருஷம் பார்த்து வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் உயிரைக் கொடுத்து எழுதி அனுப்புவாள். ஒவ்வொரு முறையும், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இவ்வளவு பேர் போட்டியிட்டார்கள் என்று அழகாக ஒரு பதில் வரும். கல்யாணப் பத்திரிகைகளை வாங்கி வாங்கி அடுக்குகிற முதிர்கன்னி கதைதான். இந்த முறை போகாவிட்டால் அப்புறம் போக வழியில்லை. ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. வேறு எங்கும் அவளை எடுக்கப்போவதில்லை. படித்த படிப்பெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்.

விண்ணப்பத்தோடு புதிதாக ஒரு முடிவாவது காட்ட வேண்டும். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு தண்டின் நடுவிலிருந்த விரலகலக் கறுப்பு அடுக்கு. அந்த அடுக்கு படிந்த காலத்தில் அந்தக் கடலில் எல்லா உயிரும் ஒரேயடியாக அற்றுப்போயிருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. வேலைப் பாதியை இழுத்துப் பார்த்தால் அந்த அடுக்கில் கறுப்பே இல்லை, வெறும் ஃபோம். வருகிறவன் போகிறவனெல்லாம் ஆளுக்கொரு சதுரம் வெட்டி ஒட்டக் காலி பண்ணியிருந்தார்கள். கிடங்குக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் காப்புப் பாதியை இழுத்தாள், வெட்டினாள். பழக்க தோஷத்தில் ஃபோமையும் அடைத்தாள்.

வெட்டும்போது வந்த நெடி மட்டும் சேற்று நெடியாக இல்லை. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அது. உள்ளே ஆள் இருக்கிற வீடு.

சோப்புக்குப் பிறகு ரொட்டி. உறையைப் பிரிக்காத ரொட்டியில், நட்ட நடுவில், சதுரமாக ஃபோம். எலி என்று அக்கா சொன்னாள். ஃபோம் அடைக்கிற எலியை உலகத்திலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்தது நாம்தான், இதைப் போட்டு விண்ணப்பம் அனுப்பு என்று கேலியும் செய்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை அக்காவுக்கு. நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருவாள். வந்ததும் தங்கை சாப்பிட்டாளா என்றுதான் கேட்பாள். அப்பா அம்மா போனபிறகு இவளைப் படிக்க வைத்தது அவள். வந்த வரன்களையெல்லாம், இவ ஒரு நிலைக்கு வரட்டும் என்று தள்ளிவிட்டவளும் அவள். இவள் இன்னும் ஒரு நிலைக்கு வந்தபாடில்லை. அக்காவுக்கு முன் நெற்றி மயிரெல்லாம் நரைத்துவிட்டது.

மறுநாள் வீட்டு அலமாரிக் கதவுச் சட்டத்தில் ஒன்று. அதற்கு மறுநாள் அக்காவின் தலையணையில்.

அன்றுதான் அவளுக்குக் காப்புப் பாதி நினைவுக்கு வந்தது. கிடங்குக்குப் போனதும் குளிர்சட்டையை மாட்டிக்கொண்டு நேரே அந்தத் தண்டு இருந்த அலமாரிக்குப் போனாள். உள்ளே பகலும் இரவும் ஒன்றுதான். விசிறிகள் இரைந்துகொண்டே இருக்கும், குழல்விளக்குகள் ஆள் நடமாட்டம் பார்த்துத் தாமாக எரிந்து அணையும், கூரை வரைக்கும் அடுக்கிய தட்டுகளிலிருந்து ஈர மண்ணின் வாசமும் பழைய பிளாஸ்டிக்கின் வாசமும் சேர்ந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். காப்புப் பாதியை இழுத்தாள். அவள் வைத்த ஃபோமைக் காணோம். துளை அடைபட்டிருந்தது. சோப்பால்.

எலுமிச்சை வாசம் அடித்தது. சோப்பு காய்ந்து சுருங்கி, ஓரத்தில் இடைவெளி விட்டு, தட்டில் விழக் காத்திருந்தது. தட்டின் அடியில் ரொட்டித் துண்டு ஒன்று பூசணம் பிடித்துக் கிடந்தது. ஒரு மரச் சில்லு. ஒரு உருண்டை பஞ்சு. அதில் அக்காவின் தலையெண்ணெய் வாசம். ஏதோ ஒன்று இவற்றை ஒவ்வொன்றாகத் துளையில் வைத்துப் பார்த்திருக்கிறது. ஒன்றும் பொருந்தவில்லை.

அவளுக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி விளக்கு எரிந்தது. அங்கே யாரும் இல்லை. விசிறி இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம், மெல்லிய கம்பியொன்று நனைந்த எதற்குள்ளோ மெதுவாக இறங்குகிற ரீங்காரம். விளக்கு அணைந்தது. அடுத்த வரிசை எரிந்தது. அவள் ஓடிவந்துவிட்டாள்.

வழியில்லாமலில்லை. வெட்டியெடுத்ததில் பாதியைத்தான் அமிலத்தில் கரைத்துச் சோதித்து, முடிவை விண்ணப்பத்தோடு அனுப்பியிருந்தாள். மீதி ஒரு சின்னக் குப்பியில் ஆய்வகக் குளிர்பெட்டியில் இருந்தது. அதைக் கொண்டுபோய்த் திருப்பி வைத்துவிடலாம். வைத்தால் இது நின்றுவிடும் என்று, எப்படியென்று தெரியாமலே, அவளுக்குத் தெரிந்தது. குப்பியைக் கையில் எடுத்தும்விட்டாள். அப்போதுதான் தேர்வுக் குழுவிடமிருந்து பதில் வந்தது. உங்கள் முடிவு எங்களை ஆச்சரியப்படுத்துகிறது, இதே போல் இன்னொரு முறை வந்தால் உங்களுக்கு நிச்சயமாக இடம் உண்டு, மறுசோதனை செய்து உடனே அனுப்புங்கள் என்று.

இத்தனை வருஷத்தில் நிச்சயமாக என்ற சொல்லை அவளிடம் யாரும் சொன்னதில்லை. குப்பியைக் குளிர்பெட்டியிலேயே வைத்தாள். நாளைக்கு யோசிப்போம் என்று வீட்டுக்கு வந்தாள்.

காலையில் அக்கா தலைவாரிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

“ராத்திரி யாரோ என் பக்கத்துல நின்ன மாதிரி இருந்துச்சுடி.”

“யாரு?”

“தெரியல. ஈரக் கை. உச்சந்தலையிலேருந்து கால் வரைக்கும் நேரா ஒரு விரலை வச்சு இழுத்துட்டுப் போச்சு. துணி வெட்டறதுக்கு முன்னாடி கோடு போடுவாங்களே, அந்த மாதிரி.”

கனவாக இருக்கும் என்று இவள் சொன்னாள். அக்காவும் கனவுதான் என்று ஒப்புக்கொண்டு, சீப்பிலிருந்து நரைமயிரை உருவிச் சுருட்டி எறிந்துவிட்டு, சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். படியிறங்கும்போது திரும்பி, “இந்தத் தடவை உனக்குக் கிடைச்சுரும் பாரு. அப்புறம் நான் நல்லாத் தூங்குவேன்” என்றாள்.

ஆய்வகத்தில் அவள் குப்பியை முன்னால் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். இதைத் திருப்பி வைத்தால் கப்பல் போச்சு. வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்க முயன்றாள், நினைக்கவும் தெம்பில்லை. அவ்வளவு களைப்பு. எழுதி எழுதி, காத்திருந்து காத்திருந்து, பல்லைக் காட்டிக் காட்டி வந்த களைப்பு. அக்காவுக்காகவும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கப்பலுக்குப் போய் வந்தால் நிரந்தர வேலை, அக்கா நிற்க வேண்டாம், உட்கார்ந்து சாப்பிடலாம். மூடியைத் திறந்தாள். அமிலத்தை ஊற்றினாள். கறுப்பு நுரைத்துப் பொங்கி, அடங்கி, ஒன்றுமில்லாமல் தெளிந்தது.

முடிவு அப்படியே வந்தது. அனுப்பினாள். சாயங்காலத்துக்குள், தங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், வாழ்த்துகள் என்று பதிலும் வந்துவிட்டது. கிடங்குக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கப்பலில் மறக்காமல் எலுமிச்சம்பழம் மோந்து பார்த்துக்கொண்டிருங்க மேடம், இல்லாவிட்டால் குடலே வெளியில் வந்துவிடும் என்றார். அவர் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

வீட்டுக்குப் போகும்முன் ஒருமுறை காப்புப் பாதியை இழுத்துப் பார்த்தாள். சோப்பு இல்லை. துளை இல்லை. கறுப்பு அடுக்கு ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் முழுசாக, வழவழவென்று கிடந்தது. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் களைத்த மூளையின் வேலை. தடவிப் பார்க்கலாம் என்று கையுறையைக் கழற்றி, துளை இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

சூடாக இருந்தது.

அந்தக் குளிரில், அது மட்டும். விரலுக்கடியில் ஏதோ எழும்பியது, தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. நாடி.

பேருந்துக்குக் காத்திருக்கவில்லை. ஓடினாள். கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள், பிள்ளைகள் சைக்கிளில் குறுக்கே போனார்கள், யாரோ பார்த்துப் போம்மா என்று கத்தினார்கள். அக்காவுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுத்தது. பேச்சில்லை. மெல்லிய ரீங்காரம் மட்டும். மேலிருந்து கீழே. நிதானமாக. நின்றது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. மாடத்து விளக்கு மட்டும் எரிந்தது. பூட்டிக் கிடந்த வீட்டின் நெடி.

“அக்கா?”

“உள்ள வாடி. கிடைச்சுருச்சாமே.”

அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தின் வலது பக்கம் அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. அதில் ஒரு சுருக்கமில்லை. கன்னம் திரண்டு, முடி கருகருவென்று, முதல் வரன் வந்தபோது வேண்டாம் என்று சொன்னாளே, அந்த வயதில் இருந்த அக்கா. அந்தக் கண் இமைக்கவில்லை. எதையும் பார்க்கவில்லை. யாருக்காகவோ பத்திரமாக வைத்தது போல இருந்தது.

பிறகு அக்கா திரும்பினாள்.

நெற்றி நடுவிலிருந்து ஒரு கோடு. மூக்கு, உதடு, தாடை, கழுத்து. மயிரிழை அகலம். ரத்தமில்லை. உதட்டின் இடது பாதி பேசியது. வலது பாதி அசையவில்லை.

“வலது பக்கம் இனிமே பிறக்கப்போறவங்களுக்கு. அதைத் தொடாதே” என்றாள். கோபமில்லாத, ரொம்பக் களைத்த குரல். “இது உனக்கு.”

இடது கையை மேசைமேல் நீட்டினாள். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தாள். தோள் முதல் முழங்கை வரை, முழங்கை முதல் கீழே, நெருக்கமாக, சதுரம் சதுரமாக ஃபோம். புதிது ஒன்றுகூட இல்லை. எல்லாம் பழையவை. மஞ்சளடித்தவை, வருஷக்கணக்கில் தூசி படிந்தவை, சில இவள் பள்ளிக்கூடம் போன காலத்தவை. கழுத்தில் இருந்தது. கன்னத்தில் இருந்தது. நரைமயிருக்கு நடுவிலும் இருந்தது.

“எடுத்துக்கோடி. எப்பவும் எடுக்கறதுதானே” என்றாள் அக்கா.

மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு இடம் மிச்சம் இருந்தது.