அளவு சொன்னவள்

டெம்போவிலிருந்து முதலில் பெரியவரின் நாற்காலி இறங்கியது. பிறகு மகன் கையைப் பிடித்துக்கொண்டு பெரியவர்.

"சமையலறையை மட்டும் விட்டுடுங்க," என்றார் வாசலிலேயே, மூச்சு வாங்க. "ஹால்ல ஒரு மூலையில அடுப்பு வச்சுக்கலாம்."

"நல்ல கதை மாமா! தச்சன் வீட்டுச் சமையலறையில ஒரு அலமாரி இல்லைன்னா ஊரே சிரிக்காதா?" என்றாள் மருமகள்.

மகன் தச்சன். அவள் தையல்காரி. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனுடைய அம்மா இறந்தது இந்தச் சமையலறையில்தான். மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்துவிட்டது என்று அப்பா சொல்லியிருந்தார். அதோடு வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர், நுரையீரல் கெட்டு, இப்போதுதான் திரும்பியிருக்கிறார்.

"தூசி, புகை ரெண்டுமே இவருக்கு எமன். பார்த்துக்குங்க," என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் வீட்டின் மறுகோடி அறை பெரியவருக்கு. வேலை முடிவதற்குள் அவர் மூச்சுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. இருவருக்கும் அது ஒன்றுதான் கவலை.

வேலையில் அவர்களுக்கு ஒரு பழக்கம். அவள் சமையலறைக்குள் டேப்பைப் பிடித்து, தையல் கடையில் சொல்வது போலவே அளவைச் சத்தமாகச் சொல்வாள். பின்முற்றத்தில் மிஷினோடு நிற்கும் அவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பலகையை அறுப்பான். எழுந்து போய்ச் சரிபார்க்க மாட்டான். அவள் வாய் சொன்னால் அவன் கை வெட்டும்.

"இது எதுக்குங்க?" மூலையில் சாய்த்திருந்த பலகைகளை அவள் புரட்டிப் பார்த்தாள். "இந்த அகலத்துக்கு உள்ளே இடமே இல்லையே."

"நீ சொன்ன அளவுதான். சின்னதா ரெண்டு, ஆள் உயரத்துக்கு ஒண்ணு. 'நல்லா கேட்டுக்கடா'ன்னு வேற சொன்னே. சரி, அம்மணிக்கு இன்னைக்குக் கொஞ்சல் ஜாஸ்தின்னு விட்டுட்டேன்."

"நான் என்னைக்குங்க உங்களை டா போட்டேன்? மாமா காதுல விழுந்தா என்னை வீட்டுக்குள்ள சேர்ப்பாரா?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் அலமாரி வைக்க வேண்டிய சுவரில் அவள் உளியை வைத்தாள். பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே ஒரு வாசல், செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. செங்கல்லைத் தொட்ட விரல் கறுப்பாக வந்தது.

கரி.

பழைய புகையின் வாடை, நேற்றுத்தான் அணைந்தது போல.

அவள் நேராகப் பெரியவரிடம் போனாள்.

"மாமா, சமையலறைப் பின்வாசலை எப்போ அடைச்சீங்க?"

"அந்தத் தீக்கு அப்புறம்தான். திருடன் வராம இருக்க."

"அப்புறம் வச்ச செங்கல்லுல கரி எப்படி மாமா ஏறும்?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னை இங்கேயிருந்து கூட்டிட்டுப் போயிடும்மா. இன்னைக்கே."

முற்றத்தில் மிஷின் அலறிக்கொண்டிருந்தது. கணவனிடம் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

ஆட்டோவோடு திரும்பியபோது வீட்டில் சத்தமே இல்லை. அவன் கையில் டிரில்லோடு அப்பாவின் அறை முன்னால் நின்றிருந்தான். கதவு இருந்த இடத்தில் அந்தப் பெரிய பலகை. வெளிப்பக்கத்து ஜன்னலிலும் அதன் மேல் வென்டிலேட்டரிலும் சின்னப் பலகைகள். ஒரு நூல் இடைவெளி கிடையாது.

"என்னங்க இது?"

"நீதானே சொன்னே? சுவரை இடிக்கப் போறோம், உள்ளே தூசி போகக் கூடாது, எல்லாத்தையும் அடைச்சுடுன்னு. எப்படி அச்சா உட்கார்ந்துச்சு பாரு."

"மாமா எங்கே?"

"உன்கூடத்தான். 'உங்க அப்பா இங்கே என்கிட்ட இருக்கார்'னு சொன்னியே."

"நான் இப்பதானேங்க தெருவுலேர்ந்து வரேன்!"

உள்ளே யாரோ தட்டினார்கள்.

திருகுகளைக் கழற்ற அவன் டிரில்லை எதிர்த்திசையில் சுற்றவிட்டான். திருகுகள் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

பலகை சுட்டது.

"திறடா! புகைடா! கண்ணு தெரியலைடா!"

"இங்கே புகையே இல்லையேப்பா! தள்ளி நில்லுங்க, உடைக்கிறேன்!"

அவன் கடப்பாரையை எடுத்துவந்து ஓங்கினான். அதற்குள் பெரியவரின் குரல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. உள்ளே அவரோடு இருக்கும் யாருக்கோ பதில் சொல்வது போல.

"பயமுறுத்தத்தான் பூட்டினேன்... பிள்ளையைத் தூக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போறேன்னியே, அந்தக் கோபம்... முதல்ல பின்வாசலை அடைச்சேன், அப்புறம் உன்னை உள்ளே வச்சு முன்னால தாழ் போட்டேன்... அடுப்பு வெடிச்சப்போ நீ தட்டினே... நடிக்கிறேன்னு நினைச்சேன்டி..."

ஓங்கிய கடப்பாரை அந்தரத்தில் நின்றது.

"ஏன் நிக்கிறீங்க? உடைங்க!" அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவன் நின்றான்.

தட்டல் மெலிந்தது.

சமையலறைப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், அலுப்போடு சொன்னது. இந்த முறை அவளுக்கும் கேட்டது.

"விடுடா. நடிக்கிறார்."

பிறகு திருகுகள் ஒவ்வொன்றாகத் தாமே கழன்று தரையில் விழுந்தன.

உள்ளே புகை இல்லை. சுவர் வெள்ளையாக இருந்தது. படுக்கை விரிப்பு கசங்கக்கூட இல்லை. பெரியவர் ஜன்னலடியில், பலகையில் நகங்களைப் பதித்தபடி கிடந்தார்.

"நுரையீரல் பூரா கரி," என்றார் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர். "எங்கே தீப்பிடிச்சுது?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டை அப்படியே பூட்டிவிட்டு வேறு ஊரில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோனார்கள். அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. அவன் ஒழுங்காக வேலைக்குப் போனான், தூங்கினான். இனி பயமில்லை என்று அவளும் மெல்ல நம்பத் தொடங்கியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஹாலில் அவன் பேசுவது கேட்டது. அவனுடைய போன் அவள் பக்கத்தில், ஜன்னல் விளிம்பில் கிடந்தது.

"சாப்பிட்டேன்மா."

குழாயை மூடினாள்.

"அவளா? சமையலறையிலதான் இருக்கா."

அவள் திரும்புவதற்குள் சமையலறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.