உப்பும் சேர்ந்து குறைகிறது

தொட்டியில் தண்ணீர் இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. திறந்து வைத்த தண்ணீர் ஆவியாகத்தான் செய்யும். போகிற தண்ணீர் உப்பைக் கையோடு கொண்டுபோகாது, அதனால் மிச்சமிருக்கிற தண்ணீரில் உப்பு ஏறும், ஏறிய அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும். புதிதாகக் கடல்மீன் தொட்டி வைக்கிறவர்களுக்குக் கடைக்காரர் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். அவள் ஒரு சொட்டை எடுத்து உப்பு பார்க்கும் கருவியில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். உப்பு ஏறவில்லை. நேற்று இருந்த கோட்டிலேயே நின்றது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் சொட்டுச் சொட்டாகப் பார்த்துப் பழகிய கண் அது, அவ்வளவு சுலபத்தில் ஏமாறாது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே கோடு. அப்படியென்றால் தண்ணீர் ஆவியாகவில்லை, உப்பையும் சேர்த்துக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறது. ஒழுகுகிறதோ என்று மண்டியிட்டுக் கையை நீட்டித் தடவினாள். தொட்டி நின்ற மேசைக்கு அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாள் மொரமொரவென்று காய்ந்து கிடந்தது.

தொட்டி கணவரின் ஆசை. மணல் பரப்பி, கடைக்காரர் கொடுத்த கடல் பாறையை நடுவில் வைத்து, மோட்டாரையும் ஓடவிட்டுவிட்டு, வேலை விஷயமாக வெளியூர் கிளம்பிவிட்டார். ஆசைக்கு அவர், அவஸ்தைக்கு இவள். மீன் இன்னும் விடவில்லை. தண்ணீர் பக்குவப்படும் வரை விடக்கூடாதாம், அதுவரை தினமும் அமோனியா பார்க்க வேண்டுமாம். சோதனைக் குழாயில் மருந்தைச் சொட்டினால் மஞ்சள் நல்லது, பச்சை விஷம். தொட்டி வந்ததிலிருந்து பச்சைதான். தண்ணீரை மாற்றிப் பார்த்தாள். விடிவதற்குள் பச்சை திரும்பி வந்தது, முன்னைவிடக் கருத்துப்போய். ஒரு மீன்கூட இல்லாத தொட்டியை யார் அசுத்தம் செய்கிறார்கள்?

கடைக்காரருக்கு ஃபோன் போட்டாள்.

"புதுத் தொட்டி புது மாமியார் மாதிரி தங்கச்சி," என்று சிரித்தார். "முதல்ல முறைக்கத்தான் செய்யும். பாறைக்குள்ள இருந்த பூச்சி ஏதாவது செத்து அழுகியிருக்கும். இன்னைக்கு மொத்தத் தண்ணியையும் மாத்திடுங்க."

"உப்பு ஏறவே இல்லையேண்ணா. தண்ணி மட்டும் குறையுது."

"அப்போ யாரோ மொண்டுட்டுப் போறாங்க. வீட்ல வாண்டு ஒண்ணு இருக்கில்ல?"

இருந்தது. மகள் சுண்டு, ஒரு இடத்தில் இருக்கமாட்டாத ஆறு வயது, அன்று சோபாவில் சுருண்டு படுத்துத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை பாறையை விட்டு அசையவில்லை.

"சுண்டு, தொட்டித் தண்ணிய எடுத்து விளையாடினியா?"

"விளையாடலம்மா."

பொய் சொன்னால் மூக்கு விடைக்கும். விடைக்கவில்லை. உதட்டோரத்தில் மட்டும் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. பாலாக இருக்கும் என்று விரலால் துடைத்துவிட்டு, கொதிக்கிற நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் மருந்து கொடுத்துத் தூங்க வைத்தாள். பிறகு வாளி வாளியாக உப்பு கரைத்து, சாயங்காலத்துக்குள் முழுத் தண்ணீரையும் மாற்றினாள். ஒரு வாளி மிஞ்சியது. நாளைக்கு ஆகும் என்று கூடத்து மூலையில் மூடி வைத்தாள்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே வீடு இருட்டிக் கிடந்தது. ஜன்னலில் சாரல் அடிக்கும் சத்தத்துக்கு நடுவே மோட்டார் ஒரு மாதிரி இழுத்து இழுத்து ஓடியது. கூடமெங்கும் மழை வாசனையோடு கலக்காமல் தனியாக ஒரு கவிச்சி நின்றது. தொட்டியில் தண்ணீர் மறுபடி இறங்கியிருந்தது. நடையின் கறுப்புத் தரையில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிய, குனிந்து தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. சின்னச் சின்னக் காலடிகள். ஈரம் போய் உப்பு மட்டும் தங்கிய பாதங்கள் தொட்டியில் தொடங்கி மகளின் அறைக்குள் போயின.

அவளுக்கு உயிரே திரும்பி வந்தது. "அடி திருட்டுக் கழுதை!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். முதலில் சோதனையை முடிப்போம், அப்புறம் இருக்கிறது பூசை என்று மருந்தைச் சொட்டிக் குழாயைக் குலுக்கினாள்.

மஞ்சள். பளிச்சென்ற மஞ்சள்.

சந்தோஷம் தாங்காமல் மறுபடி கடைக்காரரைக் கூப்பிட்டாள். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

"பச்சை திரும்பவே இல்லையா? அது நடக்காதே தங்கச்சி. தண்ணி பக்குவமாக வாரக்கணக்கு ஆகும்." சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "உள்ள இருந்து அசுத்தம் பண்ணிட்டிருந்தது வெளிய வந்திருந்தாத்தான் இப்படி. அந்தப் பாறையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

ஃபோனை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். பயம் அப்போதுதான் வந்தது. பாறையைப் புரட்டினாள். அடிப்பக்கத்தில் ஒரு பொந்து. இரண்டு விரல் நுழையும். உள்ளே வழவழவென்று, நக்கித் துடைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது.

காலி.

அறையிலிருந்து மகள் இருமினாள்.

ஓடினாள். தலையணை நனைந்திருந்தது. குழந்தையின் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. ஒரு கையில் அவளைத் தூக்கி, மறு கையில் டம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றினாள். அத்தனையும் வெளியே வந்தது. சுண்டு துடித்தாள்.

"இது வேணாம்மா... இவங்களுக்கு எரியுது."

"யாருக்குடி?"

"குடிக்கும்போது வந்தாங்க. நான் விளையாடலம்மா. தாகமா இருந்துச்சு."

"வாயைத் திற. அம்மாகிட்ட காட்டு."

திறந்தாள்.

ஜன்னல் வெளிச்சம் தொண்டை வரை போனது. முளைகட்டிய பயறுபோல வெள்ளை வெள்ளையாக. நாக்கின் வேரிலிருந்து. நெருக்கமாக. அசைந்துகொண்டிருந்தன.

சுண்டுவின் மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

கூடத்தில் ஃபோன், "ஹலோ... தங்கச்சி? இருக்கீங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், வெளியூரில் இருக்கும் கணவர் என்று எல்லாம் மனதில் வந்து போயின. குழந்தையின் கண்கள் மேலே செருகின. யாரும் வந்து சேரும் வரை இது தாங்காது. அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மூலையிலிருந்த வாளியை இழுத்து வந்தாள். டம்ளரில் மொண்டாள். "கடவுளே, கடவுளே" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருக்க, உப்புத் தண்ணீரை மகளின் வாயில் ஊற்றினாள்.

ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மார்பு மெல்ல உயர்ந்தது. உதட்டில் சிவப்பு திரும்பியது.

"இன்னும்மா," என்றாள் சுண்டு, வாயை மூடாமலே.

ஊற்றினாள். அழுதுகொண்டே மொண்டு மொண்டு ஊற்றினாள். உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாக விரிந்தன. ஒன்று மட்டும் நீண்டு, உதட்டைத் தாண்டி வெளியே வந்து, டம்ளரின் விளிம்பைத் தடவி, அதைப் பிடித்திருந்த அவள் விரலை மெல்லச் சுற்றிக்கொண்டது.